கல்யாணக் கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

1980களின் நடுவிலிருந்து 2000களின் தொடக்கம் வரை நம் ஊர்க் கல்யாணங்களும் காதுகுத்துகளும் புதுமனை புகுவிழாக்களும் பெரும்பாலும் வி.எச்.எஸ். கேசட்டில்தான் பதிவாயின. அந்தக் கேசட்டுகள் இன்றும் பல வீடுகளில் பீரோவின் மேல்தட்டில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை ஓட்டுவதற்கான டெக்தான் இல்லை. வி.சி.ஆர். கருவிகளைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று கைக்குக் கிடைக்கும் டெக் எதுவாயினும் அது பழையது, அதில் போடப்போகும் கேசட்டும் பழையது. படம் சரியாக வராதபோது குற்றம் இவ்விரண்டில் எதனிடம் இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறி, நல்ல கேசட்டைக் கெட்ட டெக்கில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதால்தான் பல கேசட்டுகள் பாழாகின்றன.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. யாருக்கும் தேவைப்படாத, ஆனால் நல்ல நிலையில் உள்ள ஒரு கேசட்டைச் சோதனைக்கென்று ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டும். பழைய திரைப்படக் கேசட் ஒன்றே போதும். எந்த அறிகுறி தோன்றினாலும் முதலில் கல்யாணக் கேசட்டை வெளியே எடுத்துவிட்டுச் சோதனைக் கேசட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் அதே கோளாறு தெரிந்தால் குற்றம் டெக்கினுடையது. அது தெளிவாக ஓடினால் குற்றம் கேசட்டினுடையது. டெக்கோடு ஒரு தொலைக்காட்சியையும் இணைத்து வைத்திருந்தால் மூன்றாவது விடையும் கிடைக்கும்: தொலைக்காட்சியில் படம் நன்றாக இருந்து கணினியில் மட்டும் கெட்டால், கேபிளையோ, டெக்கின் படத்தையும் ஒலியையும் கணினிக் கோப்பாக மாற்றும் கேப்சர் கருவியையோ ஆராய வேண்டும். கீழே சொல்லியிருப்பவை அனைத்தும் இந்தச் சோதனையை முடித்தபின் படிக்க வேண்டியவை.

கேசட்டைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியமும் ஒன்று இருக்கிறது. கேசட்டின் முதுகுப்புறத்தில், லேபிள் ஒட்டும் பக்கத்தில், ஒரு சிறிய பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அது உடையாமல் இருந்தால் உடைத்துவிட வேண்டும். அதை உடைத்துவிட்டால், கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் டெக் அந்தக் கேசட்டில் பதிவு செய்யாது.

கேசட்டின் கண்ணாடிச் சாளரத்தில் வெண்மையாக ஏதோ தெரிகிறது

அது பூசணம். கருப்பாகவும் வழவழப்பாகவும் தெரிய வேண்டிய நாடாச் சுற்றின் மேல் வெள்ளைத் தூள் போலவோ, நூல் போலவோ, வட்டத் திட்டுகளாகவோ படர்ந்திருந்தால் அந்தக் கேசட்டை டெக்கில் போடவே கூடாது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூசணம் வளரத் தொடங்கும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவதே அரிது.

என் வீட்டுக் கேசட்டுகளை மாற்றத் தொடங்கிய முதல் வாரத்தில், ஓரத்தில் மட்டும் மெல்லிய வெண்மை படிந்திருந்த ஒரு கேசட்டைத் தூசி என்று எண்ணி ஓட்டினேன். பத்து நிமிடத்தில் படம் மங்கி மறைந்தது. அதை எடுத்துவிட்டு அடுத்துப் போட்ட நல்ல கேசட்டும் தெரியவில்லை. அது மட்டுமன்றி, டெக்கின் உள்ளே ஒட்டிக்கொண்ட பூசணம் அந்த நல்ல கேசட்டின் மேலும் படிந்துவிட்டிருந்தது. அன்று கற்ற பாடத்துக்கு விலையாக ஒரு முழு நாள் டெக்கைத் திறந்து துடைக்க நேர்ந்தது.

பூசணம் கண்ட கேசட்டை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் சில வாரங்கள் வைத்திருக்க வேண்டும். ஈரம் வற்றியதும் பூசணம் செயலற்றுத் தூளாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் அது நாடாவில் இழுவிப் பரவும். அதன்பின் செய்யும் துப்புரவை வீட்டுக்குள் செய்யக்கூடாது, முகக்கவசம் இன்றியும் செய்யக்கூடாது. பூசணத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. கேசட்டின் அடிப்புறத்தில் இருக்கும் ஐந்து திருகுகளைக் கழற்றினால் கூடு திறக்கும். நாடா செல்லும் பாதையை முதலிலேயே படம் பிடித்து வைத்துக்கொண்டு, நாடா சுற்றிய இரண்டு உருளைகளையும் நல்ல கூடு ஒன்றுக்கு மாற்றி, பஞ்சு உதிராத உலர்ந்த துணிக்கிடையே நாடாவை மெல்லச் சுற்றித் தூளை அகற்றலாம். ஆனால் குடும்பத்தில் அந்த நிகழ்ச்சிக்கு வேறு பதிவே இல்லையென்றால் இதை நாமே செய்து பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. நாடாவைத் துடைப்பதற்கென்றே எந்திரம் வைத்திருக்கும் தொழில்முறையாளரிடம் கொடுப்பதே முறை. கொடுப்பதற்கு முன், கேசட்டைத் திறந்து துடைப்பார்களா அல்லது நேரே டெக்கில் போடுவார்களா என்று கேட்க வேண்டும். இரண்டாவது விடை வந்தால் திரும்பி வந்துவிடலாம்.

வெள்ளத்தில் நனைந்த கேசட்டுக்கும் இதே நிதானம் வேண்டும். வெயிலில் காயவைப்பதும் முடி உலர்த்தும் கருவியைக் காட்டுவதும் நாடாவைச் சுருக்கிவிடும்.

ஒலி கேட்கிறது; படத்தில் வெறும் புள்ளிகள்

இது பெரும்பாலும் டெக்கின் வீடியோ ஹெட்டில், அதாவது நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் முனையில், அழுக்கு சேர்ந்ததன் அறிகுறி. வி.எச்.எஸ். முறையில் சாதாரண ஒலியைப் படிக்கும் ஹெட் தனியாக, அசையாமல் நிற்கிறது. படத்தைப் படிக்கும் ஹெட்டுகள் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையில் பொருந்தி, இந்தியாவில் வழங்கிய பால் (PAL) ஒளிபரப்பு முறைக்கான டெக்கில் நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கின்றன. ஆகவே ஒலி நன்றாக இருந்து படம் மட்டும் போனால் உருளையைத்தான் பார்க்க வேண்டும். படம் முழுதும் போகாமல் விட்டுவிட்டு மின்னுகிறது, பாதித் தெளிவாகவும் பாதிப் புள்ளியாகவும் நடுங்குகிறது என்றால் எதிரெதிரே உள்ள இரண்டு ஹெட்டுகளில் ஒன்று மட்டும் அடைத்திருக்கிறது என்று பொருள். உருளை ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு ஹெட்டும் ஒரு பாதிப்படத்தை, அதாவது படத்தின் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளை, படிப்பதால், ஒன்று அடைத்தால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதிப்படங்கள் காணாமற்போகும்.

துடைக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். மின்செருகியைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறக்க வேண்டும்; மின்வழங்கிப் பகுதியில் சற்று நேரம் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது. 99 விழுக்காடு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாள் துண்டையோ மான்தோல் துணியையோ உருளையின் பக்கவாட்டில் அசையாமல் மெல்ல ஒற்றிப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் உருளையின் மேற்பகுதியைப் பிடித்து அதைத்தான் சுழற்ற வேண்டும். துணியை மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் நுனி உடைந்துவிடும், பிறகு அந்த டெக்கைக் காயலான் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியையும் இங்கே பயன்படுத்தக் கூடாது. அதன் இழை ஹெட்டில் சிக்கி நுனியைப் பெயர்க்கும். தாளில் கருப்பு படிவது நிற்கும்வரை புதுத்தாள் மாற்றித் துடைத்துவிட்டு, கால்மணி நேரம் உலரவிட்டபின் சோதனைக் கேசட்டைப் போட்டுப் பார்க்கலாம். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளைக்கு மட்டும் ஆல்கஹால் வேண்டாம்; ரப்பரை அது வறட்டிவிடும், ஈரத்துணியே போதும்.

கடைகளில் விற்ற உலர்வகை ஹெட் கிளீனிங் கேசட் உண்மையில் ஒரு மெல்லிய உப்புத்தாள். அவசரத்துக்கு ஒருமுறை பயன்படுத்தலாம், பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

குறுக்கே கோடுகள் ஓடுகின்றன

படத்தின் ஒரு பகுதியில் மட்டும் புள்ளிப்பட்டை நின்றுகொண்டிருந்தால் அது டிராக்கிங் பிழை; ஹெட் நாடாவின் தடத்தோடு சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். தானியங்கி டிராக்கிங் சரிசெய்யாவிட்டால் கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பார்த்து, பட்டை முற்றிலும் வெளியேறும் இடத்தில் நிறுத்த வேண்டும். கேசட்டை முதலில் பதிவு செய்த கேமராவின் அமைப்பு நம் டெக்கிலிருந்து சற்று வேறுபட்டிருப்பதே இதற்குக் காரணம் என்பதால், ஒரே குடும்பத்தின் கேசட்டுகளே ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் சரியாகும்.

படத்தின் அடியோரத்தில் ஏழெட்டு வரிகள் மட்டும் கிழிந்தாற்போல் எப்போதும் தெரிவது கோளாறே அல்ல. ஒரு ஹெட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம் அது. பழைய குழாய்த் தொலைக்காட்சி படத்தின் ஓரங்களை மறைத்துவிட்டதால் அந்நாளில் யாரும் அதைப் பார்த்ததில்லை. பார்ப்பதற்கான பிரதியில் அதைக் கருப்புப் பட்டையால் மறைக்கலாம். மூலக் கோப்பில் கைவைக்க வேண்டாம்.

மேற்பகுதி கொடிபோல் வளைகிறது, அல்லது இடையிடையே நீலத்திரை வருகிறது

வெக்கையில் வருடக்கணக்கில் கிடந்த நாடா சற்றே நீண்டோ சுருங்கியோ போவதால், ஒவ்வொரு வரியும் வர வேண்டிய நேரத்தில் வராமல் முன்பின்னாக வருகிறது. அதுதான் படத்தின் தலைப்பகுதியில் வளைவாகத் தெரிகிறது. பழைய தொலைக்காட்சி இந்தத் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டது. கேப்சர் கருவி பொறுப்பதில்லை, குழம்பிப் படத்தை விட்டுவிடுகிறது. இதைக் கணினியில் பிற்பாடு சரிசெய்ய முயல்வது வீண்வேலை. வரிகளின் நேரத்தைத் திருத்தும் டைம் பேஸ் கரெக்டர் என்ற அமைப்பு டெக்குக்குள்ளேயே அமைந்த உயர்வகை எஸ்-வி.எச்.எஸ். டெக்குகள் உண்டு, அவற்றை நாடலாம். அது இயலாதபோது, அத்தகைய திருத்தம் செய்யக்கூடிய டிவிடி ரெக்கார்டரை டெக்குக்கும் கணினிக்கும் நடுவே இணைத்து அதன் வழியே படத்தை அனுப்பலாம். எல்லா ரெக்கார்டர்களும் இதைச் செய்வதில்லை என்பதால் வாங்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நீலத்திரைக்குக் காரணம் வேறு. சமிக்ஞை பலவீனமானதும் டெக்கே படத்தை மறைத்து நீலத்தைக் காட்டுகிறது. டெக்கின் மெனுவில் நீலப் பின்னணி என்ற வசதியை அணைத்துவிட்டால், புள்ளிகளோடாவது படம் வரும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் ஒரு முகம் தெரிந்தாலும் போதுமே.

நிறம் இல்லை, அல்லது படம் மேல்நோக்கி உருண்டுகொண்டே போகிறது

இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வழங்கியது பால் முறை: 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் என்.டி.எஸ்.சி. முறை: 525 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். டொரண்டோவிலிருந்து அத்தை அனுப்பிய பிறந்தநாள் கேசட் நம் டெக்கில் கருப்பு வெள்ளையாக உருண்டால், கேசட் கெடவில்லை, டெக்தான் அதற்கு அந்நியம். இரண்டு முறைகளையும் ஓட்டும் பல்முறை டெக்கைத் தேட வேண்டும். அதிலும் வெளியீட்டை என்.டி.எஸ்.சி. என்றே வைத்து, கேப்சர் மென்பொருளிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். சில டெக்குகள் என்.டி.எஸ்.சி. கேசட்டை அரைகுறையாகப் பால் வடிவமாக்கித் தரும். தொலைக்காட்சி அதை ஏற்றுக்கொண்டாலும் பெரும்பாலான கேப்சர் கருவிகள் ஏற்பதில்லை. பாரிசிலிருந்து வந்த கேசட் என்றால் அது செக்காம் முறையாக இருக்கக்கூடும், பால் டெக்கில் அது கருப்பு வெள்ளையாகத்தான் ஓடும்.

உள்ளூர்க் கேசட்டே நிறமிழந்தால் மென்பொருளில் முறை தவறாகத் தேர்வாகியிருக்கிறதா, சாதாரணப் படக் கேபிளான மஞ்சள் கேபிளைச் செருகிவிட்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியே வாங்கும் எஸ்-வீடியோ உள்ளீட்டைத் தேர்ந்திருக்கிறோமா என்பதைப் பார்க்க வேண்டும். நிறம் இருக்கிறது, ஆனால் சிவப்புப் புடவை பக்கத்திலிருப்பவர் மேல் வழிகிறது என்றால் அதற்கு மருந்தில்லை. பாட்டுச் சேர்த்து வெட்டி ஒட்டிய கல்யாணக் கேசட்டில் வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் பிரதியின் பிரதி. மூலக் கேசட் ஸ்டூடியோவிலேயே தங்கிவிட்டது.

ஒலி மங்கல், இரைச்சல், ஒருபக்கம் மட்டும்

நாடாவின் மேல்விளிம்பில் சாதாரண ஒலித்தடமும் கீழ்விளிம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தடமும் இருக்கின்றன. நாடாவின் மேல்விளிம்பு மடங்கியிருந்தால் ஒலி மங்கும். கீழ்விளிம்பு மடங்கியிருந்தால் படம் அலைபாயும். ஒலியையும் சுழலும் ஹெட்டுகளால் படிக்கும் ஹை-ஃபை டெக்கில் படபடவென்று இரைச்சல் வந்தால் ஒலித் தேர்வைச் சாதாரணத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். ஒலி இடது பக்கத்தில் மட்டும் கேட்பது ஒற்றைத்தட ஒலிக் கேசட்டில் இயல்பு, பிற்பாடு அதை இருபக்கத்துக்கும் படியெடுத்தால் போதும்.

டெக் நாடாவை மென்றுவிட்டது

வெளியேற்றும் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தவோ கேசட்டைக் கையால் இழுக்கவோ கூடாது. மின்சாரத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, ஹெட் உருளையைச் சுற்றியுள்ள நாடாவை விரல்நுனியால் விடுவித்து, கேசட்டின் உருளையைக் கையால் திருப்பி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பழைய பெல்ட் தளர்ந்து, நாடாவைச் சுற்றிக்கொள்ள வேண்டிய கேசட் உருளை சுற்றாமல் நிற்பதே பெரும்பாலும் காரணம். சோதனைக் கேசட்டை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றிப் பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த கேசட்டைப் புழுக்கமான கூடத்தில் உடனே போட்டாலும் நாடா ஹெட் உருளையில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். குளிர்ந்த பரப்பில் படியும் பனித்துளிதான் அதற்குக் காரணம். இரண்டு மணி நேரம் பொறுத்துப் போட்டால் ஒன்றும் ஆகாது.

போகப் போக ஒலியும் படமும் விலகுகின்றன

இதைக் கண்டுபிடிக்க நம் கல்யாண வீடியோவைப் போல் வசதியானது வேறில்லை: தவில் அடியைப் பார்த்தால் போதும். ஆனால் திரைப்பாட்டுச் சேர்த்த பகுதியில் பார்க்கக் கூடாது, கெட்டிமேளம் போன்ற இயற்கை ஒலி உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என்று மூன்று இடங்களில் விலகலை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். முடிவில் 2 நொடி, நடுவில் 1 நொடி என்று ஒரே சீராக வளர்ந்திருந்தால் படத்தை எடுக்கும் கருவியின் கடிகாரமும் ஒலியை எடுக்கும் கருவியின் கடிகாரமும் வேறுபடுகின்றன. ஒலியின் நீளத்தை அந்த விகிதத்தில் சுருக்கியோ நீட்டியோ சரிசெய்துவிடலாம். நடுவரை சரியாக இருந்து திடீரென்று ஓரிடத்தில் தாவியிருந்தால் கணினி படங்களைத் தவறவிட்டிருக்கிறது. அதை ஒட்டுப்போட்டுத் திருத்த முடியாது. மறுபடி எடுப்பதே வழி.

விர்ச்சுவல்டப் போன்ற மென்பொருள் தவறிய படங்களின் எண்ணிக்கையைக் காட்டும், அது சுழியாக இருக்க வேண்டும். யூ.எஸ்.பி. கருவியை நடுவில் ஹப் இல்லாமல் நேரே கணினியில் செருகுவது, வைரஸ் தடுப்பு மென்பொருளையும் தானியங்கிப் புதுப்பித்தலையும் அந்த நேரத்துக்கு நிறுத்திவைப்பது, ஒலியையும் அதே கருவி வழியாகவே எடுப்பது ஆகிய மூன்றும் பெரும்பாலான தவறல்களை நிறுத்திவிடும்.

அசையும் இடங்களில் சீப்புப்பல் போன்ற கோடுகள்; முகங்கள் பருத்துத் தெரிகின்றன

கேசட்டில் இருப்பது நொடிக்கு 50 பாதிப்படங்கள். கணினி இரண்டிரண்டாகக் கோத்துக் காட்டுவதால் கை அசையும் இடத்தில் சீப்புப்பல் தெரிகிறது. மூலக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, பார்ப்பதற்கான பிரதியை மட்டும் நொடிக்கு 50 முழுப்படங்களாக மாற்ற வேண்டும். 25 ஆகக் குறைத்தால் அசைவின் பாதி போய்விடும். முகம் பருத்தால், 4:3 விகிதப் படம் அகலத்திரைக்கு இழுக்கப்பட்டிருக்கிறது. விகிதத்தை 4:3 என்று குறித்தால் சரியாகும்.

மினி டி.வி. கேசட்டும் எழுதிய டிவிடியும்

வி.எச்.எஸ்.ஸுக்குப் பின் வந்த சிறிய கேமரா கேசட்டான மினி டி.வி. (MiniDV) கேசட்டில் இருப்பது எண்ம (டிஜிட்டல்) தரவு. அதை மஞ்சள் கேபிளில் எடுப்பது, அச்சுப் புத்தகத்தைப் பார்த்துக் கையால் எழுதுவதைப் போன்றது. கேமராவின் ஃபயர்வயர் என்ற தரவு இணைப்பு வழியாக எடுத்தால் மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் அளவில் தரவு அப்படியே இறங்கும். பதிவு செய்த நாளும் நேரமும்கூடச் சேர்ந்து வரும். கட்டம் கட்டமாகப் படம் உடைந்தால் ஹெட் அழுக்கு, அல்லது ஒரே கேசட்டில் கூடுதல் நேரம் பதியும் நீள்நேர (LP) முறையில் பதிந்த கேசட். பின்னதை அதே கேமராவில் ஓட்டினால்தான் பெரும்பாலும் சரியாக வரும்.

2000களில் கேசட்டை மாற்றித் தந்த டிவிடி கடைசிப் பகுதியில் உறைந்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். தட்டு உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுகிறது, வெளியோரம்தான் முதலில் கெடுகிறது. வேறு வேறு டிரைவ்களில் முயன்று, ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ (GNU ddrescue) என்ற தரவு மீட்பு மென்பொருள் கொண்டு படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் ஒரே பிம்பக் கோப்பாகச் சேர்க்கலாம். கேசட் இன்னும் இருந்தால் டிவிடியோடு போராடாமல் கேசட்டிலிருந்தே புதிதாக எடுப்பது நல்லது.

சேமித்தபின் வரும் கோளாறுகள்

வட்டு இடம் போதவில்லை என்பதே முதலில் வரும் முறையீடு. 720 × 576 அளவில் சுருக்காமல் எடுத்தால் மணிக்கு 75 ஜிகாபைட் ஆகும். எஃப்.எஃப்.வி.1 என்ற இழப்பில்லாச் சுருக்கத்தில், மட்ரோஸ்கா கோப்பாக வைத்தால் அது பாதிக்கும் கீழே வரும்; ஒரு புள்ளியும் கெடாது. இந்தக் கோப்பைக் கைப்பேசி திறக்காது, திறக்க வேண்டியதும் இல்லை. உறவினருக்கு அனுப்ப, கைப்பேசியிலும் ஓடும் எச்.264 வடிவப் பிரதி ஒன்று தனியே இருக்கட்டும். யூடியூபில் ஏற்றிவிட்டோம், பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. அது படத்தை மறுபடி சுருக்குகிறது, பின்னணியில் ஓடும் திரைப்பாட்டுக்காக ஒலியே அடக்கப்படவும் கூடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியதை நகல் என்றே எண்ண வேண்டாம்.

கோப்பு பாதியில் உடைந்து ஓடுகிறது என்பது அடுத்தது. உடைந்தது எப்போது என்று அறிய, எடுத்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 (SHA-256) கையொப்பத்தை, அதாவது கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் ஓர் அடையாளக் குறியீட்டை, கணக்கிட்டு ஓர் உரைக்கோப்பில் எழுதிவைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால், மாறியிருக்கும் கோப்பு தானே காட்டிக்கொடுக்கும். மற்ற பிரதியிலிருந்து அதை மீட்கலாம். அதற்கு மற்ற பிரதி வேண்டுமே: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்றாவது வேறு ஊரில். என் பிரதிகளில் ஒன்று மதுரையில் தம்பி வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் எஸ்.எஸ்.டி. தன் தரவை இழக்கக்கூடும் என்பதால் அந்த வேலைக்குச் சுழல்வட்டு ஹார்ட் டிஸ்க்கே ஏற்றது. அதிலும் டக் டக் என்ற ஓசை கேட்டால், திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்காமல் உடனே நிறுத்திவிட்டு மற்ற பிரதியிலிருந்து புது வட்டுக்கு நகலெடுக்க வேண்டும்.

கோப்பு நன்றாக ஓடுகிறது, ஆனால் இதில் இருப்பவர் யாரென்று தெரியவில்லை என்பது எந்தக் கருவியும் தீர்க்காத கோளாறு. எடுத்த வாரத்திலேயே வீட்டின் மூத்தவரை உட்காரவைத்துப் படத்தை ஓட்டி, அவர் சொல்லும் பெயர், உறவு, ஊர் ஆகியவற்றைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, நிமிடக் கணக்கோடு எழுதி அதே கோப்புறையில் வைக்க வேண்டும். கோப்பின் பெயரும் வீடியோ 1, வீடியோ 2 என்று இராமல், ஆண்டு, நிகழ்ச்சி, ஊர் என்ற வரிசையில் இருக்கட்டும்.

மாற்றி முடித்த கேசட்டுகளை எறிந்துவிடக் கூடாது. முழுதாக ஒரு பக்கம் சுற்றி, உறையிலிட்டு, புத்தகம் போல் நிமிர்த்தி, ஒலிபெருக்கிக்கு அருகில் இல்லாமல், சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மழைக்காலம் தொடங்குமுன் ஜெல்லை மாற்ற வேண்டும்.